டிஸ்க்கைத் திட்டாதீர்கள்! – வாசகர் கேள்வி பதில்

"புது எஸ்எஸ்டி வாங்கினேன், விண்டோஸ் ஏற மாட்டேன் என்கிறது" என்று இத்தனை கடிதங்கள் வந்து குவிந்தால் நான் என்ன செய்வது? ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான சேமிப்பகம்தான் எஸ்எஸ்டி; இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எஸ்எஸ்டி செய்தவர்களை வைது எழுதிய வரிகளை நீக்கியிருக்கிறேன், அவர்கள் மேல் அநேகமாகத் தப்பில்லை என்பதால். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இனி எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள்: பயாஸ் திரையில், அதாவது விண்டோஸ் எழும் முன்பே வரும் அமைப்புத் திரையில், டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா, இல்லையா? அது தெரியாமல் நான் சொல்வதெல்லாம் நாடி பிடிக்காமல் கொடுக்கும் மருந்துதான்.

கேள்வி: மேடம், மடிக்கணினியில் இருந்த 256 ஜிபி எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு 1 டிபி என்விஎம்இ (வேகமான புதிய இணைப்பு முறை) எஸ்எஸ்டி மாட்டினேன். பயாஸில் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிகின்றன. ஆனால் விண்டோஸ் 11 செட்டப்பில் "எங்கே நிறுவ வேண்டும்" என்று கேட்கும் திரை காலியாக இருக்கிறது. பழைய எஸ்எஸ்டியைத் திரும்ப மாட்டினாலும் செட்டப்பில் அதே காலித் திரைதான். இரண்டுமே கெட்டுவிட்டனவா?
– கணக்காளராக வேலை பார்க்கும் வாசகி

பதில்: பழையதை மாட்டிப் பார்த்தீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கும் செட்டப்பின் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு டிஸ்க்கில் இல்லை, செட்டப்பில்தான்.

உங்கள் மடிக்கணினியில் இன்டெல் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றில் பலவற்றில் விஎம்டி என்றொரு ஏற்பாடு பயாஸில் இயக்கப்பட்டே வரும். அது இயங்கும்போது என்விஎம்இ டிஸ்க் நேராக விண்டோஸுக்குத் தெரியாது. விஎம்டி கட்டுப்படுத்தியின் பின்னால் போய் நின்றுகொள்ளும். அந்தக் கட்டுப்படுத்தியோடு பேசத் தெரிந்த டிரைவர் நீங்கள் விண்டோஸ் ஏற்றும் பென்டிரைவில் இல்லை. பயாஸுக்கு அந்த டிரைவர் தேவையில்லை, அதனால் அங்கே பெயர் தெரிகிறது.

வழி இரண்டு. முதலாவது, மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி டிரைவரை இறக்குங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: இறங்கிய இஎக்ஸ்இ கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டால் செட்டப் அதைக் கண்டுகொள்ளாது. பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் என்று முடியும் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைத்தான் நகலெடுக்க வேண்டும். பிறகு அந்தக் காலித் திரையில் 'லோட் டிரைவர்' பொத்தானை அழுத்தி ஃபோல்டரைக் காட்டுங்கள். பட்டியலில் விஎம்டி என்ற பெயருள்ளதைத் தேர்ந்தெடுத்ததும் டிஸ்க் தெரியும்.

இரண்டாவது, பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது. ஒரே ஒரு டிஸ்க் வைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றுகிறவருக்கு இதனால் நட்டம் எதுவும் இல்லை. நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன். சில மடிக்கணினிகளில் அந்த வரி மறைத்து வைக்கப்பட்டிருக்கும்; பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வருவதும் உண்டு. ஒன்று மட்டும்: பழைய எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸ் விஎம்டி இயங்கும்போது ஏற்றப்பட்டது. அதை மறுபடி மாட்டி ஓட்டும் எண்ணம் இருந்தால், விஎம்டியை முதலில் இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் நீலத்திரைதான் வரும்.

கேள்வி: அக்கா, எனக்கும் விஎம்டி தொல்லைதான், ஆனால் தலைகீழ். விண்டோஸ் நன்றாக ஓடுகிறது. அதே எஸ்எஸ்டியில் பக்கத்தில் உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளமும் போடலாம் என்றால் அதற்கு டிஸ்க் தெரியவில்லை. பயாஸில் மாற்றினால் உபுண்டுவுக்குத் தெரிகிறது, விண்டோஸ் படுத்துவிடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா?
– பொறியியல் மாணவர்

பதில்: வேண்டாம் தம்பி, இரண்டும் இருக்கட்டும். விண்டோஸ் தொடங்கும்போது எந்த டிரைவர் தேவையோ அதை மட்டும்தான் தயாராக வைத்திருக்கும். திடீரென்று விஎம்டியை அணைத்து ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றினால் முழிக்கும். ஆனால் சேஃப் மோடில் தொடங்கச் சொன்னால் அடிப்படை டிரைவர்களை எல்லாம் எழுப்பிப் பார்க்கும். அந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்.

விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, 'பூட்' தாவலில் 'சேஃப் பூட்' கட்டத்தில் டிக் போடு. மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழும் முன்பே பயாஸுக்குள் போய் மாற்றத்தைச் செய். இப்போது விண்டோஸ் சேஃப் மோடில் எழும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கு. அவ்வளவுதான், இனி உபுண்டுவுக்கும் டிஸ்க் தெரியும்.

இதையெல்லாம் தொடும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள். பயாஸ் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கும். அந்த நேரத்தில் சாவி அதே டிஸ்க்குக்குள் ஒரு கோப்பில் இருக்கிறது என்று எனக்கு எழுதிப் பயனில்லை.

கேள்வி: 500 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கிறது. செட்டப்பில் 465 ஜிபிதான் காட்டுகிறது. 35 ஜிபி எங்கே போயிற்று? ஏமாற்றிவிட்டார்களா?
– ஓர் இல்லத்தரசி

பதில்: எங்கும் போகவில்லை அம்மா. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. 1 டிபி டிஸ்க் 931 என்று காட்டுவதும் இதனால்தான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்குகளின் பட்டியலில் உங்களுடையது எது என்று அடையாளம் காண அது உதவும். அடுத்த கேள்விக்காரருக்கு அவசியம் தேவைப்படும்.

கேள்வி: வணக்கம் சகோதரி. நண்பரின் கணினியில் மாட்டி, ஃபார்மேட் செய்து, சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்து எடுத்துவந்த புது எஸ்எஸ்டி அது. என் கணினியில் செட்டப் அதைப் பார்த்ததும் "இந்த டிஸ்க்கில் எம்பிஆர் பகிர்வு அட்டவணை உள்ளது, ஜிபிடி டிஸ்க்கில்தான் நிறுவ முடியும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறது. விற்றவரிடம் கேட்டால் டிஸ்க் பழுது என்கிறார்.
– மருந்து விற்பனைப் பிரதிநிதி

பதில்: திரையில் வந்த வாக்கியம் முழு உண்மை, விற்றவர் சொன்னது இல்லை. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்து வைக்கும் அட்டவணையில் எம்பிஆர் பழைய முறை, ஜிபிடி புதியது. எம்பிஆரில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் கிடையாது, சுமார் 2 டிபிக்கு மேல் அதற்கு எண்ணவும் வராது. கணினி யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் எழுந்தால் விண்டோஸ் ஜிபிடிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். உங்கள் நண்பரின் கணினியில் ஃபார்மேட் செய்தபோது அது எம்பிஆர் ஆகிவிட்டிருக்கிறது. புது டிஸ்க்கை முன்கூட்டிப் பிரித்து வைப்பது நல்ல எண்ணத்தில் செய்யும் வீண் வேலை. உறை பிரித்தபடியே மாட்டியிருந்தால் செட்டப் தானே எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்.

டிஸ்க்கில் எதுவும் இல்லை என்றால் செட்டப் திரையிலேயே மூன்று பிரிவுகளையும் நீக்குங்கள். 'ஒதுக்கப்படாத இடம்' என்று ஒரே வரி மிஞ்சும். அதைத் தேர்ந்தெடுத்து மேலே போங்கள். பெரும்பாலும் செட்டப்பே ஜிபிடியாக மாற்றிக்கொள்ளும். அப்போதும் முரண்டு பிடித்தால் ஷிஃப்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்துங்கள், கறுப்புத் திரை வரும். 'டிஸ்க்பார்ட்' என்று தட்டி, அடுத்து 'லிஸ்ட் டிஸ்க்'. இங்கே நிதானம் வேண்டும். எஸ்எஸ்டி எப்போதும் டிஸ்க் 0 ஆகத்தான் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பென்டிரைவும் அந்தப் பட்டியலில் இருக்கும், பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் அதுவும் இருக்கும். கொள்ளளவைப் பார்த்து உங்களுடையது எது என்று உறுதி செய்துகொண்டு 'செலக்ட் டிஸ்க்' என்பதோடு அந்த எண்ணைத் தட்டுங்கள். பிறகு 'க்ளீன்', அதன் பின் 'கன்வெர்ட் ஜிபிடி'. க்ளீன் கட்டளை "நிச்சயமாகவா?" என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காது, அந்த நொடியே துடைத்துவிடும். மறுபடி லிஸ்ட் டிஸ்க் தட்டினால் ஜிபிடி என்ற பத்தியில் நட்சத்திரக்குறி நிற்கும். வெளியே வந்து பட்டியலைப் புதுப்பித்துத் தொடருங்கள்.

சிலருக்கு இதற்கு நேரெதிராக, "டிஸ்க் ஜிபிடியாக இருக்கிறது, நிறுவ முடியாது" என்று வரும். அவர்கள் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. இல்லாததைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மேசைக் கணினியில் பழைய ஹார்டு டிஸ்க்கோடு ஒரு சாட்டா (என்விஎம்இக்கு முந்தைய இணைப்பு முறை) எஸ்எஸ்டியும் மாட்டி, எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 ஏற்றினேன். பறக்கிறது. சத்தம் போடும் ஹார்டு டிஸ்க் இனி எதற்கு என்று கழற்றினேன். "பூட் செய்யத் தகுந்த சாதனம் இல்லை" என்கிறது. திரும்ப மாட்டினால் ஓடுகிறது. விண்டோஸ் இருப்பதோ எஸ்எஸ்டியில். இது என்ன மாயம்?

பதில்: ஐயா, எனக்கு வரும் கடிதங்களில் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வையுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

கணினி எழுந்ததும் நேரே சி டிரைவுக்குப் போவதில்லை. ஃபேட்32 வகையில் இஎஃப்ஐ பிரிவு என்று ஒன்று இருக்கும். பொதுவாக 100 எம்பிதான், எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. விண்டோஸை எழுப்பும் பூட் மேனேஜர் அங்கேதான் குடியிருக்கிறது. செட்டப் வேலை தொடங்கும்போது உங்கள் பழைய ஹார்டு டிஸ்க்கில் அப்படி ஒரு பிரிவு முன்பே இருந்திருக்கிறது. "இருக்கிறதே, இன்னொன்று எதற்கு" என்று எஸ்எஸ்டிக்கான பூட் கோப்புகளையும் அங்கேயே போட்டுவிட்டது. வீடு எஸ்எஸ்டியில், வாசல் ஹார்டு டிஸ்க்கில்.

ஏற்றி ஓரிரு நாள்தான் ஆகிறது, உள்ளே பெரிதாக எதுவும் சேரவில்லை என்றால் தயங்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கின் கேபிளை உருவிவிட்டு எஸ்எஸ்டி மட்டும் இருக்க மறுபடி நிறுவுங்கள். அதுதான் சுத்தம்.

எல்லாம் செட்டில் ஆகிவிட்டது, மறுபடி ஏற்ற மனமில்லை என்றால் வாசலை மட்டும் இடம் மாற்றலாம். முக்கியமானவற்றை நகலெடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு டிஸ்க்கும் மாட்டிய நிலையில் விண்டோஸைத் தொடங்குங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, சி மீது வலது சொடுக்கி, 'ஷ்ரிங்க் வால்யூம்' மூலம் 300 எம்பி அளவுக்குச் சுருக்குங்கள். அதே திரையில் எஸ்எஸ்டியின் எண்ணையும் அது ஜிபிடிதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எம்பிஆர் என்றிருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், அதற்கு வழி வேறு.

பிறகு கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து, டிஸ்க்பார்ட் போய், எஸ்எஸ்டியின் எண்ணைத் தேர்ந்தெடுத்து வரிசையாக இவற்றைத் தட்டுங்கள்:

கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260
ஃபார்மேட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32
அசைன் லெட்டர்=எஸ்
எக்ஸிட்

அடுத்து உயிரான வரி:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

"பூட் கோப்புகள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன" என்று ஆங்கிலத்தில் வரும். கணினியை முழுக்க அணைத்து, மின்கம்பியை உருவி, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். எழவில்லை என்றால் பயாஸின் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' எஸ்எஸ்டியின் பெயரோடு தெரிகிறதா என்று பார்த்து அதை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். எஸ்எஸ்டி தனியாக எழுந்து ஓடுவதைக் கண்ணால் பார்க்கும் வரை பழைய ஹார்டு டிஸ்க்கில் எதையும் அழிக்க வேண்டாம், ஐயா. அவசரம் எதுவும் இல்லை.

கேள்வி: டிஸ்க் மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா?

பதில்: போகாது. டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டைப் பார்த்துத்தான் கணினியை அடையாளம் காணும். செட்டப் சாவி கேட்டால் 'என்னிடம் சாவி இல்லை' என்பதை அழுத்துங்கள். ஆனால் முன்பு எந்தப் பதிப்பு இருந்ததோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்; ஹோம் இருந்த இடத்தில் ப்ரோ போட்டுவிட்டு ஆக்டிவேட் ஆகவில்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு.

கேள்வி: எம்.2 எஸ்எஸ்டி ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, ஸ்க்ரூவும் போட்டாயிற்று. பயாஸில் பெயரே இல்லை. செட்டப் வரைக்கும் போகவே இல்லை நான்.
– புகைப்படக் கலைஞர்

பதில்: பயாஸில் பெயர் இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டீர்கள், வேலை பாதியாகிவிட்டது. எம்.2 என்பது உருவத்தின் பெயர் மட்டுமே. 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள்; உள்ளே அது பேசும் மொழி சாட்டாவா என்விஎம்இயா என்பதை அந்த எண் சொல்லாது. தொடுமுனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்றே இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. என்விஎம்இக்கு மட்டுமே கம்பி இழுக்கப்பட்ட ஸ்லாட்டிலும் சாட்டா எம்.2 அழகாக உட்காரும், ஆனால் ஒரு வார்த்தை பேசாது. மதர்போர்டின் கையேட்டில் அந்த ஸ்லாட்டுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஸ்லாட் இருந்தால் மற்றதிலும் மாட்டிப் பாருங்கள்.

கையேட்டைத் திறந்த கையோடு அடிக்குறிப்பையும் படியுங்கள். எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் குறிப்பிட்ட சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது என்று பல போர்டுகளில் இருக்கும். "எஸ்எஸ்டி போட்டதும் ஹார்டு டிஸ்க் செத்துப்போச்சு" என்று எழுதுகிறவர்கள் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: கோப்புகளை நகலெடுக்கும்போது பாதியில் நின்று, 80070570 என்று முடியும் பிழை எண் வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு சதவீதத்தில். எஸ்எஸ்டியைத் திருப்பி அனுப்பட்டுமா?
– அலுவலக உதவியாளர்

பதில்: இப்போதே அனுப்பாதீர்கள். கோப்பு சிதைந்திருக்கிறது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஒரே இடத்தில் நிற்காமல் இடம் மாறி மாறி நிற்பதால் நான் முதலில் பென்டிரைவையும் அடுத்து ராமையும்தான் சந்தேகிப்பேன். குறைந்தது 8 ஜிபி உள்ள வேறொரு பென்டிரைவில், மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் கொண்டே மறுபடி தயாரியுங்கள். ஐஎஸ்ஓ கோப்பைத் திறந்து உள்ளே இருப்பதைக் கையால் நகலெடுக்காதீர்கள். ஃபேட்32 பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது, இன்ஸ்டால் விம் என்ற கோப்பு அந்த அளவைத் தாண்டுவது சகஜம். மேசைக் கணினி என்றால் பின்பக்க யூஎஸ்பி போர்ட்டில் மாட்டுங்கள். அப்போதும் நின்றால் ராம் துண்டுகளில் ஒன்றை மட்டும் மாட்டி வைத்து முயலுங்கள், பிறகு மற்றதை. ராம் கெட்டிருந்தால் பழி எப்போதும் டிஸ்க் மேல்தான் விழும். இவை எல்லாம் தேறிய பிறகும் நின்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகு தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: செட்டப் பாதி முடிந்து ரீஸ்டார்ட் ஆகிறது. மறுபடி முதலிலிருந்து மொழி எது என்று கேட்கிறது. விடிய விடிய இதே கதை.

பதில்: முதல் ரீஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் பென்டிரைவை உருவுங்கள். கணினி எஸ்எஸ்டிக்குப் போகாமல் மறுபடி பென்டிரைவிலிருந்தே தொடங்கிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: அளவைக் கருவி ஒன்றுக்கான மென்பொருள் விண்டோஸ் 7இல் மட்டும்தான் ஓடும். என்விஎம்இ எஸ்எஸ்டியில் அதை ஏற்றவே முடியவில்லை.
– ஆய்வகத் தொழில்நுட்பர்

பதில்: விண்டோஸ் 7 பிறந்தபோது என்விஎம்இ இல்லை; அதன் முதல் விவரக்குறிப்பே 2011இல்தான் வந்தது. மைக்ரோசாஃப்ட் பின்னால் ஒரு இணைப்புத் திருத்தம் கொடுத்தது, அதை நிறுவல் கோப்புகளுக்குள் செருகி ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம். சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, பயாஸில் ஏஹெச்சிஐ வைத்து ஏற்றுங்கள், பேசாமல் ஓடும். அந்தப் பழைய மென்பொருளுக்கு என்விஎம்இயின் வேகம் உறைக்கப் போவதும் இல்லை. ஆனால் விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காதீர்கள்.

கேள்வி: பழைய மேசைக் கணினி, புது எஸ்எஸ்டி. யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்றி ஏற்றினேன், மாலை வரை நன்றாக ஓடியது. மின்கம்பியை உருவிவைத்துவிட்டு மறுநாள் காலையில் போட்டால் "டிஸ்க் இல்லை" என்கிறது. பயாஸில் போய் மறுபடி யூஇஎஃப்ஐ என்று மாற்றினால் ஓடுகிறது. கடிகாரமும் தப்பாகக் காட்டுகிறது. தினமும் இந்தச் சேவகம் செய்ய என்னால் முடியாது.
– தட்டச்சுப் பணியாளர்

பதில்: கடிகாரத்தைப் பற்றி எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. மதர்போர்டில் காசு வடிவ பேட்டரி ஒன்று இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டால் மின்சாரம் போனதும் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து பழைய முறைக்குத் திரும்பிவிடும். பழைய முறையில் உங்கள் ஜிபிடி எஸ்எஸ்டியிலிருந்து எழ வழி கிடையாது. கணினியை அணைத்து மின்கம்பியை உருவிவிட்டு பேட்டரியை மாற்றுங்கள், எழுத்து பொறித்த பக்கம் மேலே இருக்கட்டும். பிறகு தேதியையும் யூஇஎஃப்ஐயையும் ஒரே ஒரு முறை சரிசெய்து சேமியுங்கள். எஸ்எஸ்டியைக் கழற்ற வேண்டியதே இல்லை.